லு கவ்ரோஷ்: கடைசி மாதங்களில் அங்கே சாப்பிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வடமராட்சியான் எழுதியது:

லண்டன் மேஃபெயரில், அப்பர் புரூக் ஸ்ட்ரீட் 43ஆம் இலக்கத்தில், லு கவ்ரோஷ் என்று ஒரு பிரெஞ்சு உணவகம் இருந்தது. 2024 ஜனவரி 13ஆம் திகதி இரவுச் சாப்பாட்டோடு அதை மூடிவிட்டார்கள். நான் அங்கே ஒரே ஒரு தடவைதான் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த வாசலை 1992இல் இருந்து தெரியும். கடைசி நாலைந்து மாதங்களில் போனவர்கள் இருந்தால் ஆறுதலாக எழுதுங்கள். ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

லண்டனுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை மேஃபெயரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுவது. வேலை முடிய இரவு பதினொன்றரை, பன்னிரண்டு ஆகும். மார்பிள் ஆர்ச்சில் பஸ் எடுக்க வேண்டும். பார்க் லேனால் போனால் காற்று முகத்தில் அறையும், அதனால் உள்தெருக்களால் நடப்பேன். அப்படித்தான் இந்த வாசல் கண்ணில் பட்டது. சின்ன வாசல். வெளியில் நின்றால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, சாப்பிடும் இடம் நிலக்கீழ்த் தளத்தில். ஒரு நாள் மழைக்குள் ஒரு வயதான அம்மா வெளியே வந்தா. கோட்டைப் போட்டுவிட்டு, குடை பிடித்து டாக்சிவரை கூட்டிக்கொண்டு போன வெயிட்டர் பொடியன், டாக்சி மூலை திரும்பும்வரை நனைந்துகொண்டு நின்றான். நான் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் வேலை செய்த சமையலறையில் என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை, ‘ஏய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு அந்த வாசலுக்குள் போக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

போக 19 வருடம் எடுத்தது. 2011இல் எங்கள் பதினைந்தாவது கலியாண நாளுக்கு மனுசியைக் கூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். இரவில் போனால் கட்டுபடியாகாது. மத்தியானத்தில் ஒரு செட் சாப்பாடு இருந்தது, ஆளுக்கு ஐம்பது பவுணுக்குக் கொஞ்சம் மேல், அரைப் போத்தல் வைன், தண்ணீர், கோப்பி எல்லாம் அதற்குள். ஆண்கள் கோட் போட வேண்டும் என்பது அவர்களின் விதி. மனுசி கடும்பச்சைச் சேலை உடுத்திருந்தா. கீழே இறங்கிப் பார்த்தால் சுவரும் அதே பச்சை. அவவுக்கு அதில் ஒரு சந்தோசம்.

மேலே ஒரு சின்ன பாரில் இருத்திவிட்டுத்தான் மெனுவைத் தந்தார்கள். என்னுடையதில் விலை இருந்தது, மனுசியுடையதில் இல்லை. விருந்தாளிக்கு விலை போடாத மெனு கொடுப்பது அந்த இடத்தின் பழைய பழக்கமாம். மனுசி நெடுநேரம் பார்த்துவிட்டு, “எனக்கு மட்டும் சும்மா தாறாங்களோ?” என்று காதுக்குள் கேட்டா.

செட் சாப்பாட்டில் சூஃப்ளே சுவிசெஸ் இல்லை. அந்த உணவகம் என்றாலே எல்லாரும் சொல்வது அந்தச் சீஸ் சூஃப்ளேயைத்தான். ஒன்றை மட்டும் தனியாகச் சொன்னேன். கொண்டுவந்த பெண் எதுவும் கேட்காமல் இரண்டு சூடான கோப்பைகளில் பாதி பாதியாக வைத்தா. மேலே பொன்னிறமாகச் சுட்ட சீஸ், உள்ளே முட்டை நுரை, சுற்றிவரச் சூடான கிரீம். அம்மா பால் சுண்டக் காய்ச்சினால் சட்டியின் ஓரத்தில் ஒரு ஆடை ஒட்டும், அதைச் சுரண்டி எனக்குத் தருவா. முதல் கரண்டியில் எனக்கு அந்த ருசிதான் வந்தது. பருத்தித்துறையில் விட்டுவிட்டு வந்ததை மேஃபெயரில் கண்டேன் என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஆனால் உண்மை அதுதான்.

கோப்பி குடித்து முடிய, சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அடுப்பைக் காட்டினார்கள். கோப்பை கழுவுகிற இடத்தையும் காட்ட முடியுமா என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு வந்தவர் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார், பிறகு அங்கேயும் கூட்டிக்கொண்டு போனார். நின்ற பொடியனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்கு அறிமுகம் செய்தார். நான் அவனுக்குக் கை கொடுத்தேன். ஈரக் கை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன், நீ பல்கலைக்கழகம் முடித்ததும் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. 2023 கோடையில் முடித்தாள். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார்கள், ஆள் பற்றாக்குறை. இரவுக்கு மட்டும்தான் திறப்பு. சரி, காசு சேர்ப்போம், டிசம்பரில் அவளுடைய பிறந்தநாளுக்குப் போவோம் என்று இருந்தேன். ஆகஸ்டில் மூடும் செய்தி வந்தது. செய்தி வந்த கையோடு மேசைகள் எல்லாம் போய்விட்டன. ஒவ்வொரு காலையும் யாராவது ரத்து செய்திருக்கிறார்களா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. “பரவாயில்லை அப்பா” என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் அப்படி விட மனமில்லை.

கேட்க நினைப்பது இவ்வளவுதான். கடைசிக் காலத்தில் அந்தச் சூஃப்ளே எப்படி இருந்தது? அந்த உணவகத்தை நடத்திய ஷெஃப் மிஷேல் ரூ ஜூனியர் மேசை மேசையாக வந்து கதைப்பார் என்பார்களே, கடைசிவரை வந்தாரா? அதை வீட்டில் செய்ய முடியுமா? அடுத்த மாதம் மகளின் பிறந்தநாள்.


தாரிணி (க்ராய்டன்) எழுதியது:

அண்ணா, நாங்கள் 2023 நவம்பரில் போனோம். மூடும் செய்தி வருவதற்கு முன்பே, ஜூலையில் பதிவு செய்திருந்ததால் இடம் கிடைத்தது. அது வெறும் அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

நான் சென்னை, வீட்டுக்காரர் கும்பகோணம். அவர் சுத்த சைவம், நான் முட்டை சாப்பிடுவேன். முன்கூட்டியே போனில் சொன்னோம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், சைவம் என்றதும் இலையும் தழையும் வைத்து அனுப்பிவிடும் பெரிய இடங்களை நிறைய பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி இல்லை. அதோடு என் வீட்டுக்காரருக்கு இன்னொரு சிக்கல்: சூஃப்ளேயில் போடும் க்ரூயேர் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள், அதனால் தொட மாட்டார். பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. மேசைக்கு வந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் இருந்த சீஸ்களில் எவை எவை ஆகாது என்று தானே ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவருக்குக் காளானும் கிழங்கும் வைத்து ஒன்று வந்தது, தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

சூஃப்ளே எனக்கு வந்தது. நீங்கள் சொன்னது போலவே, மேலே பொன்னிறம், கீழே கிரீம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என்னால் பாதிக்கு மேல் முடியவில்லை. அவ்வளவு கிரீம். முதல் நாலு கரண்டி அற்புதம், அப்புறம் மூச்சு முட்டியது. இரண்டு தட்டில் பிரித்து வைத்த உங்கள் மேசைப் பெண் நல்ல விஷயம் தெரிந்தவள்.

ஷெஃப் வந்தார். எங்கள் மேசையில் இரண்டு நிமிடம்தான். பக்கத்து மேசையில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு தம்பதி, அவர்களிடம் ரொம்ப நேரம் குனிந்து நின்று பேசினார். அந்தத் தாத்தா மெனு அட்டையில் கையெழுத்து வாங்கினார், பாட்டி அதை வாங்கி ஒரு துணி நாப்கினில் சுற்றிப் பையில் வைத்தாள். மேசையில் இருந்த வெள்ளி மிருகங்களை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேசையில் இருந்தது கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் வளைத்து ஒட்டியது போல ஒரு பறவை. படம் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.


மணி_ஹாரோ எழுதியது:

நான் மாற்றிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். 2019இல் இரவுச் சாப்பாட்டுக்குப் போனேன். பில்லைப் பார்த்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. சாப்பாடு கனம். வெண்ணெய், கிரீம், மறுபடியும் வெண்ணெய். லண்டனில் அதே காசுக்கு இதைவிடப் புதுமையாகச் சமைக்கும் இடங்கள் பத்து உண்டு.

ஆனால் அந்த இடம் ஏன் முக்கியம் என்பது வேறு விஷயம். அல்பேர் ரூ, மிஷேல் ரூ என்று இரண்டு பிரெஞ்சு சகோதரர்கள் 1967இல் லோயர் ஸ்லோன் ஸ்ட்ரீட்டில் தொடங்கியது அது. இருவரும் பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர்கள், அல்பேர் கென்டில் ஒரு குதிரைப் பயிற்சியாளரின் வீட்டில், மிஷேல் பாரிஸில் ரோத்ஷில்ட் குடும்பத்தில். கவ்ரோஷ் என்பதே விக்டர் ஹியூகோவின் நாவலில் வரும் பாரிஸ் தெருச் சிறுவனின் பெயர். வடமராட்சியான் அண்ணன் கோப்பை கழுவும் இடத்துக்குப் போய்க் கை கொடுத்ததைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் நல்ல கோழி, நல்ல வெண்ணெய்கூட இங்கே கிடைக்காது. அல்பேரின் மனைவி பாரிஸ் சந்தைக்குக் கார் ஓட்டிப் போய் ஏற்றிக்கொண்டு வருவாராம். 1974இல் பிரிட்டனுக்கு, உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேடு வந்தபோது ஒரு நட்சத்திரம், 1977இல் இரண்டு, 1982இல் மூன்று. இந்த நாட்டில் மூன்றைத் தொட்ட முதல் இடம் அதுதான். மேஃபெயருக்கு மாறியது எண்பதுகளின் தொடக்கத்தில். 1991இல் அல்பேரின் மகன் மிஷேல் ஜூனியர் பொறுப்பேற்றார், 1993இல் மூன்றாவது நட்சத்திரம் போனது. பிறகு கடைசிவரை இரண்டுதான். முப்பது வருடம் இரண்டைக் காப்பாற்றுவது மூன்றை ஒரு தடவை வாங்குவதைவிடக் கஷ்டம் என்பது என் எண்ணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், சிலர் நஷ்டத்தில் மூடினார்கள் என்று பேசுகிறார்கள். அப்படி இல்லை. குத்தகைக் காலம் முடியப்போகிறது, குடும்பத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் நேரம் வேண்டும், நல்ல நிலையில் இருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்று மிஷேல் ஜூனியரே அறிவித்துவிட்டுத்தான் மூடினார். பெரியப்பா மிஷேல் 2020 மார்ச்சிலும்


மணி_ஹாரோ எழுதியது:

கை தவறி அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும். பெரியப்பா இல்லை, சித்தப்பா. அல்பேர்தான் மூத்தவர். சித்தப்பா மிஷேல் 2020 மார்ச்சில் காலமானார், அப்பா அல்பேர் 2021 ஜனவரியில். ஒரு வருடத்துக்குள் இரண்டு பேரும். அதற்குப் பிறகும் மூன்று வருடம் நடத்தினாரே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


அடுப்படி எழுதியது:

அண்ணா வணக்கம். நான் கொழும்பு, இப்போது லண்டனில் சமையல் வேலை. லு கவ்ரோஷில் வேலை செய்ததில்லை, ஆனால் இங்கே எந்தப் பெரிய சமையலறைக்குப் போனாலும் அங்கே படித்து வந்த ஒருவர் இருப்பார். மார்கோ பியர் வைட், கார்டன் ராம்சே, பியேர் கோஃப்மன், மார்கஸ் வேரிங் என்று பெயர்போன ஷெஃப்கள் எல்லாரும் அந்த அடுப்பில் நின்றவர்கள்தான். பிறகு ரேச்சல் ஹம்ஃப்ரி தலைமைச் சமையற்காரராக இருந்தார்.

சூஃப்ளேயை வீட்டில் செய்யலாம். பயப்பட வேண்டாம், இது சாதாரண சூஃப்ளே மாதிரி உடனே அமுங்குகிற சாதி இல்லை, இரண்டு தடவை அவனில் (oven) போகும். நான் வீட்டில் செய்யும் அளவைத் தருகிறேன், எட்டுச் சின்ன அச்சுக்கு வரும், நாலு பேருக்குத் தாராளம்.

பட்டர் 65 கிராம் உருக்கி, கோதுமை மா 65 கிராம் போட்டுச் சின்ன நெருப்பில் இரண்டு மூன்று நிமிடம் கிண்டுங்கள், நிறம் மாறக் கூடாது. கொதித்த பால் 700 மில்லி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் அடித்து, மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி, ஐந்து மஞ்சள் கரு, உப்பு, மிளகு. பாலைக் காய்ச்சி ஆறவிட்டால் ஆடை படியும் அல்லவா, இதிலும் படியும், அதனால் மேலே ஒரு துண்டு பட்டரைத் தடவி மூடி வையுங்கள். ஆறு வெள்ளைக் கருவை உப்பு ஒரு சிட்டிகை போட்டு நன்றாக நுரைக்க அடியுங்கள். மூன்றில் ஒரு பங்கை முதலில் கலவையில் போட்டு அடித்துக் கலக்கலாம். மிச்சத்தைப் போட்டபின் அடிக்கக் கூடாது, அகப்பையால் அடியிலிருந்து மேலே மடித்து மடித்துத்தான் சேர்க்க வேண்டும். எல்லாரும் பிழை விடுவது இங்கேதான்.

அச்சுக்குப் பட்டர் தாராளமாகப் பூசி ஃபிரிட்ஜில் வைத்திருங்கள். கலவையைக் கும்பமாக வைத்து 200 பாகை அவனில் மூன்று நிமிடம், மேற்பக்கம் லேசாகச் சிவக்கத் தொடங்கும்வரை. வீட்டு அவன் என்றால் நாலு, ஐந்துகூட ஆகலாம், கண்ணாடியால் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். இதற்கிடையில் டபிள் கிரீம் 600 மில்லி, கொஞ்சம் உப்பு, அகலமான தட்டில் சூடாக்குங்கள். கொதிக்கக் கூடாது. சூஃப்ளேக்களைக் கிரீமுக்குள் கவிழ்த்து, துருவிய க்ரூயேர் 200 கிராம் மேலே தூவித் திரும்ப ஐந்து நிமிடம். வந்த உடனே சாப்பிட வேண்டும், மேசையில் ஆட்கள் இருந்த பிறகுதான் இரண்டாவது தடவை அவனில் வையுங்கள். தாரிணி அக்கா சொன்னது போல் கிரீம் கூட என்று தோன்றினால் 400 மில்லி போதும்.

மகளை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. நாட்டிங் ஹில்லில் மிஷேல் ஜூனியரின் மகள் எமிலி ரூவும் கணவரும் நடத்தும் காரக்டேர் என்ற உணவகம் இருக்கிறது. பிரே என்ற ஊரில் ஆற்றங்கரையில் வாட்டர்சைட் இன், அந்தச் சகோதரர்கள் 1972இல் திறந்தது, இப்போது சித்தப்பா மிஷேலின் மகன் அலென் ரூ நடத்துகிறார். அப்பர் புரூக் ஸ்ட்ரீட்டில் அதே இடத்தில் மாட் அபே என்ற ஷெஃப் 2025இல் போனேர் என்று புது உணவகம் திறந்திருக்கிறார். ஆனால் அது அவருடைய சமையல், பழைய சூஃப்ளேயைத் தேடிக்கொண்டு போகாதீர்கள்.


வடமராட்சியான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மணி, உங்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை. கனமான சாப்பாடு என்றது சரிதான். தெருச் சிறுவனின் பெயர் என்று இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. 19 வருடம் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

தாரிணி, அந்தப் படத்தை அனுப்புங்கள். எங்கள் மேசையில் ஒரு சேவல் இருந்ததாக ஞாபகம், மனுசி மீன் என்கிறா. அந்தத் தாத்தா, பாட்டி கதையை மனுசிக்கு வாசித்துக் காட்டினேன்.


வடமராட்சியான் எழுதியது:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். போன சனிக்கிழமை செய்தேன்.

தம்பி அடுப்படி, முதல் நாள் ஒத்திகை பார்த்தது நல்லதாகப் போயிற்று. வெள்ளைக் கருவைச் சேர்க்கும்போது கை பழக்கத்தில் அடித்துவிட்டேன், எட்டும் தோசை மாதிரித் தட்டையாக வந்தது. அடுத்த நாள் மனுசி பக்கத்தில் நின்று “மடியுங்கோ, மடியுங்கோ” என்று சொல்லச் சொல்ல மடித்தேன். எங்கள் அவனில் முதல் தடவைக்கு ஐந்து நிமிடம் வேண்டியிருந்தது. கிரீம் 400தான் விட்டேன்.

மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தோம். மனுசி அதே பச்சைச் சேலை. நான் கோட் போட்டேன். மகளுக்கு ஒரு மெனு அட்டை எழுதி வைத்தேன், விலை போடாமல். அவள் அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, கனநேரம் கையில் வைத்திருந்தாள். சூஃப்ளேயை இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, “அப்பம்மா சட்டி சுரண்டித் தருவா என்று சொல்லுவீங்களே, இதுதானா?” என்று கேட்டாள். அம்மாவை அவள் கண்டதே இல்லை.

மிச்சக் கிரீமைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டோம். கோப்பைகளை நான் கழுவினேன், அவள் துடைத்தாள். கழுவும்போதுதான் அந்த ஹோட்டல் நாட்களைப் பற்றி முதல் தடவையாக முழுதாகக் கேட்டாள். ஒரு மணிக்குப் பிறகுதான் படுத்தோம்.

தாரிணி, படம் வந்தது. எங்கள் மேசையில் இருந்தது அது இல்லை, ஆனால் அதே மாதிரி வேலைதான். உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு செய்தி: விலங்கு ரென்னட் போடாமல் காய்கறி ரென்னட்டில் செய்த செடார் எங்கள் பக்கத்துக் கடையிலேயே இருக்கிறது, உறையில் சைவம் என்று போட்டிருப்பார்கள். எட்டில் இரண்டை அதில் செய்து பார்த்தேன். க்ரூயேர் மாதிரிச் சிவக்கவில்லை, கொஞ்சம் எண்ணெய் விட்டது, ஆனால் ருசி நல்லம். முட்டைக்கு மாற்று எனக்குத் தெரியவில்லை. தம்பிக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.